எழுநூறு மீட்டர்

டாக்டர், அவளுடைய மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மேசைக்குப் பின்னால் குனிந்து ஸ்பீக்கரின் குமிழைத் தேடிக்கொண்டிருந்தாள். மணி நிற்காமல் அடித்தது. கம்ப்யூட்டர் திரையில், அவர் ஓட்டும் விளையாட்டு ரயில் வெட்டவெளியில் நின்றிருந்தது. அதன் கண்ணாடியில் மழை பெய்தது. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது.

குமிழ் அகப்படவில்லை. பிளக்கையே பிடுங்கினாள். அறை அமைதியானதும் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"எப்போ பார்த்தீங்க?"

"பத்து இருபதுக்கு. மணி அடிச்சுது, வந்து பார்த்தேன்."

"எந்த மணி?"

அவள் திரையைக் காட்டினாள். டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இதயம்தான் என்றும், வலி பெரிதாகத் தெரிந்திருக்காது என்றும் சொன்னார். கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருப்பவர். ஆட்கள் காத்திருந்தார்கள். இறப்புச் சான்றிதழை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

கணவன் வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பொருத்திக்கொண்டிருந்தான். போனில் சொன்னாள். அப்பா காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டான். சாப்பிட்டார் என்றாள். மாலைக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். அப்பாவுக்கு வேண்டியவர்களுக்கு அதற்குள் தகவல் சொல்லிவிடச் சொன்னான்.

"யாருக்குச் சொல்லணும்?"

"தெரியலையே. அவர் போனைப் பாரேன்."

பார்த்தாள். ஆறு எண்கள் இருந்தன. மகன், அவள், கிளினிக், மருந்துக் கடை, கேஸ். ஆறாவது 'வீடு'. அது மாமியார் இருந்த காலத்துத் தொலைபேசி. இணைப்பைத் துண்டித்து ஒன்பது வருஷம் ஆகிறது.

எதிர்வீட்டு டீச்சர் வந்து அவரைப் படுக்கவைக்க உதவினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்தார். மத்தியானம் பரீட்சை மேற்பார்வை இருந்ததால் போகவேண்டியிருந்தது. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக் குளிர் அறையிலிருந்து வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சர் லிப்ட்டுக்குள் நுழையவில்லை. இரண்டு ஆட்கள் நான்கு மாடியும் படியில் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், "மெதுவா, உன் பக்கம் தூக்கு" என்று ஒருவர் மற்றவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் பின்னாலேயே அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வண்டி கிளம்பிய பிறகுதான் கையில் அது இருப்பது தெரிந்தது.

மேலே வந்தால் வீடு முழுக்க அவள் ஒருத்திதான். அவளுடைய வேலை, டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது. நான்கு வருஷமாக அவருடைய அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஹெட்போனால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் அவர் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார். சரியாக ஒன்பது மணிக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தண்ணீர் பாட்டிலோடு அறைக்குப் போவார். "மாமா டியூட்டிக்குப் போயாச்சு" என்று அவளும் கணவனும் சொல்லிச் சிரிப்பதுண்டு. முப்பத்தொரு வருஷம் நிஜ ரயில் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றும் அதையே விளையாட்டாக ஓட்டுகிற மனிதரைப் பற்றி வேறென்ன சொல்வது?

ஒரே ஒரு தடவை அவர் கூப்பிட்டிருக்கிறார்.

"கொஞ்சம் உக்காரும்மா. அடுத்த ஸ்டேஷனுக்குப் பதினோரு நிமிஷம்தான்."

"வேலை தலைக்கு மேல கிடக்கு மாமா. இன்னொரு நாள்."

அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

மத்தியானங்களில் அவர் இரண்டே விரலால் எதையோ நெடுநேரம் தட்டுவார். யாருக்கோ எழுதினார் என்றால் அவர்களுக்காவது சொல்லலாம். அவருடைய நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ரயிலுக்குப் பின்னால் அவர் எழுதும் பக்கம் திறந்தே இருந்தது; அது அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் இணையத்தில் கருத்துச் சொல்லும் பக்கம். ஒவ்வொரு கருத்தின் தலையிலும், எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்று போட்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஆடிய ஒருவர், "தூக்கம் வராதவங்களுக்கு நல்ல மருந்து" என்று எழுதியிருந்தார். இன்னொருவருக்கு வைப்பரின் மேல் கோபம். 'டீசல் பூனை' என்ற பெயரில் ஒருவர், சுரங்கத்துக்குள்ளும் மழை பெய்கிறது என்று படத்தோடு புகார் கொடுத்திருந்தார்.

மாமனாரின் பெயர் அங்கே 'ரிட்டயர்டு'. ஆடிய நேரம் 6,114 மணி. ஆபீசுக்கு மனு எழுதுகிற தோரணையில் இருந்தன அவருடைய கருத்துகள். "ஐயா, பொருள்: எச்சரிக்கை மணி. டிரைவர் ஒரு நிமிடம் எந்தக் கருவியையும் தொடாவிட்டால் மணி அடிக்கவேண்டும். எட்டு வினாடிக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழவேண்டும். தங்கள் விளையாட்டில் பன்னிரண்டு வினாடி கொடுக்கிறீர்கள். இது அதிகம்." கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "ஆறாயிரம் மணி நேரம் ஆடிட்டு இன்னும் குறை சொல்றீங்களே, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?" அவர் பதில் போட்டிருந்தார்: "ஆம். முப்பத்தெட்டு ஆண்டுகள்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே, அவர் கை நின்றதிலிருந்து ஒரு நிமிடமும் பன்னிரண்டு வினாடியும் என்று மனம் கணக்குப் போட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றியபோது மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு நேரமாக என்பது தெரியாது.

இன்னும் கீழே, இரண்டு வருஷத்துக்கு முந்தைய கருத்து ஒன்று. டீசல் பூனை எழுதியது. "தண்டவாளத்துல ஒரு ஆள், ஒரு மாடு கூட குறுக்கே வரமாட்டேங்குது. இதுல என்ன நிஜம் இருக்கு? அடுத்த பதிப்புல கண்டிப்பா சேருங்க." முந்நூறு பேருக்கு மேல் ஆமோதித்திருந்தார்கள். அதற்கு ரிட்டயர்டு எழுதியதில் ஐயாவும் இல்லை, பொருளும் இல்லை.

"நான் முப்பத்தொரு வருடம் நிஜ வண்டி ஓட்டியவன். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி நிற்க எழுநூறு மீட்டர் ஆகும். அதற்குள் ஆள் வந்துவிட்டால், அந்த எழுநூறு மீட்டரும் டிரைவருக்கு வேலை எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு ஐந்து பேர். அதில் ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சொன்னதில்லை. நான் தினமும் காலையில் இதில் கிளம்பி மாலையில் வந்து சேர்கிறேன். வழியில் யாரும் இல்லை. அதற்காகத்தான் ஓட்டுகிறேன். தயவுசெய்து சேர்க்க வேண்டாம்."

சிலர் கேலி செய்திருந்தார்கள். கதை விடுகிறார் என்றார் ஒருவர். பயமாக இருந்தால் மாட்டுவண்டி ஓட்டலாமே என்றார் இன்னொருவர். டீசல் பூனை மட்டும் இரண்டு நாள் கழித்து, "என் கருத்தை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்" என்று எழுதியிருந்தார்.

அவள் மூன்று முறை படித்தாள். பிறகு அதன் கீழேயே தட்டினாள்: "இவர் இன்று காலை காலமானார். நான் அவருடைய மருமகள்." அனுப்பிவிட்டு அங்கேயே காத்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பதில்கள் வந்தன. இது வேடிக்கையா, நிஜமா என்று கேட்டார் ஒருவர். மற்றது டீசல் பூனை. "மலைப்பாதையில பிரேக் போட சார்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் பேரு என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?"

பெயரை எழுதினாள். 

ஐந்தரைக்குக் கணவன் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். தோளிலிருந்து பையை இறக்காமல் அவருடைய அறை வாசலில் நின்றான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். நின்றபடியே படித்தான். படித்து முடித்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு பேரா?"

"அப்படித்தான் எழுதியிருக்கார்."

"சில நாள் யூனிஃபார்மைக் கூட மாத்தாம மாடியில போய் உக்காந்துப்பார்" என்றான். "அம்மாவோட சண்டைன்னு நினைச்சுப்பேன். நான் அம்மா பக்கம்."

அவன் சின்ன வயதில் அவரோடு பேசாமல் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பையை இறக்கிவைத்தான். காபி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, போடு என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். டீச்சரும் டாக்டரும் பின்னால் காரில் வந்தார்கள். வண்டிக்குள், பெட்டியின் ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் அவளும் கணவனும் உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தார்.

பக்கவாட்டுச் சன்னல் வழியாக அவள் பார்த்தாள். சைக்கிளில் வந்த ஒருவர், கேரியரில் ஒரு மூட்டையோடு, சைக்கிளைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைத்து அந்தப் பக்கம் நிமிர்ந்தார். இடப்பக்கம் பார்த்தார். ஹாரன் நீளமாக ஒலித்தது. அவர் முன்சக்கரத்தைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றினார். ஹாரன் மறுபடி ஒலித்தது, இம்முறை நிறுத்தாமல். கணவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைக் கையை அவள் இறுகப் பிடித்திருந்தாள்.

சைக்கிள்காரர் என்ன நினைத்தாரோ, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றுவிட்டார். ரயில் வந்தது. என்ஜின் சன்னலில் ஒரு முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. பிறகு பெட்டிகள், பெட்டிகள்.

சத்தம் அடங்கியதும் கேட் மெல்ல உயர ஆரம்பித்தது. அது முழுதாக ஏறுவதற்குள் சைக்கிள்காரர் மூட்டையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல், முதல் ஆளாகக் கடந்துபோனார்.