விரிசல் விட்ட வைரம்

"கணக்கீடு தப்பு. சோதனைதான் உண்மை" என்று அவளது ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் திரையில் சொன்னதும், இசைப்பிரியாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பொங்கல் விடுமுறைக்கு மந்தாரக்குப்பம் வந்திருந்தவள், வீட்டுக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்த ஆய்வுக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூமிக்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு கனிமம் அழுத்தம் தாங்காமல் தன் படிக அமைப்பையே மாற்றிக்கொள்ளும் என்பது அவள் கணினியில் போட்ட கணக்கு. அவளுடைய ஆய்வகத்திலேயே கூட ஆய்வு செய்யும் அருள், அந்தக் கனிமத் துகளை இரண்டு வைரங்களுக்கு நடுவில் வைத்து நசுக்கி, லேசரால் சுட்டுப் பார்த்தான். மாறவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு வைரம் விரிசல் விட்டு அழுத்தம் பாதியில் இறங்கிவிட்டது. அருளே அவளிடம் சொன்னது அது. பேராசிரியருக்கும் தெரியும்.

"சார், வைரம் விரிசல் விட்டதை ஏன் சொல்லல?"

"அப்புறம் பேசலாம்மா" என்றார் அவர். அடுத்த நொடி அவள் மைக் அணைந்தது. திரையில் அருள் தலைகுனிந்திருந்தான்.

கூட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டாள்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"என் ஃபெல்லோஷிப்ப இன்னொரு வருஷம் நீட்டிக்கிறது அவர் கையிலதான் இருக்கு, இசை."

"அதுக்காக நான் முட்டாளாகணுமா?"

அம்மா தனபாக்கியம் அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏன்டி இப்படிக் கத்திகினு இருக்கற? உங்கப்பாவும் நிலக்கரி மைன்ஸ்ல கான்ட்ராக்டர் சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டிகினுதான் இருந்தாரு."

"ஆட்டி? பர்மனென்ட் ஆனாரா?"

தனபாக்கியம் அடுப்படிக்கே திரும்பிப் போனாள். அம்மாவைக் குத்திவிட்டோம் என்று இசைப்பிரியாவுக்கு உறைத்தது, ஆனாலும் கோபம் அடங்கவில்லை. கூட்டத்தில் இருந்த வேறொரு ஆய்வகத்துப் பெண் விஞ்ஞானியை அழைத்து, நடந்ததைச் சொல்லி, "நீங்களே செஞ்சு பாருங்க மேடம். நான் தப்புன்னா ஒத்துக்கறேன்" என்றாள்.

மழைக்காலத்தில் முடிவு வந்தது. கனிமம் மாறத்தான் செய்தது. அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல் ஆழத்தில். தன் கணக்கில் வெப்பத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்ததை அவள் அன்றே எல்லோருக்கும் சொன்னாள். பேராசிரியரோ, "அந்தச் சோதனைய நான் முதல்லயே சந்தேகப்பட்டேன்" என்றார். அந்த வாரமே அவள் வேறு வழிகாட்டியிடம் மாறிவிட்டாள்.

அருள் போன் செய்தான். "ரொம்ப சந்தோஷம் இசை. இனிமே பழசை மறந்துடலாமே?"

"நீ அன்னிக்கு வாயத் திறந்திருந்தா மறக்க ஒண்ணுமே இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டு, போனை வைத்தாள்.