நகரி மூக்குக்கு முன்னால் நின்ற கார்

டிரைவர் முனிரத்தினத்தின் மேல் சிவசங்கரிக்கு முதல் சந்தேகம் வந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். புதன்கிழமைக்குள் அது உறுதியாகிவிட்டது.

விஷயம் இதுதான். பெங்களூரிலிருந்து வரும் ஒரு பயணப் பத்திரிகைக்குச் சித்தூர், திருப்பதிப் பக்கம் நிரந்தரமாக ஒரு போட்டோகிராபர் வேண்டும். இரண்டு பேரைப் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி சிவசங்கரி. திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவில் நாள் முழுக்கப் பாஸ்போர்ட் படம் எடுத்து, 'தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க' என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள். இன்னொருவன் சுதீர். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் படங்கள் போய்ச் சேர வேண்டும். இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடியும் அந்த நீலத் திரைதான், அதே நிமிர்ந்த தலைகள்தான்.

காரை ஏற்பாடு செய்தது அம்மா சுந்தரம்மா. முனிரத்தினம் சொந்த ஊர் குடிபாலாவில் அவர்கள் தெருக்காரர். "மலை, காடுன்னு சுத்தப் போற. தெரிஞ்ச ஆளா இருந்தா எனக்குத் தூக்கம் வரும்" என்று அம்மா சொன்னாள். சங்கரியும் சரியென்றாள்.

ஞாயிறு மாலை சந்திரகிரிக் கோட்டை மதில் மேல் மஞ்சள் வெயில் விழும்போது எடுக்க வேண்டும். நாலேகாலுக்கே பையோடு காரில் ஏறி உட்கார்ந்தாள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன முனிரத்தினம் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். வந்தவர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். கோட்டைக்குப் போனபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. மதில் கரிச்சட்டி மாதிரி நின்றது.

திங்கள் காலை கைலாசகோனை அருவி. எட்டு மணிக்கு அரை மணி நேரம்தான் தண்ணீரில் வெயில் படும். புத்தூரில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நிறுத்தியவர் ஒன்பது வரை நகரவில்லை. புதன்கிழமை பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய ஏழரை மணிக்குக் கார் சாவி காணாமல் போனது. ஒன்பதுக்கு அவர் சட்டைப் பையிலேயே கிடைத்தது.

சங்கரி இதையெல்லாம் நாள், மணி, சொன்ன காரணம் என்று கோடு போட்டு ஒரு நோட்டில் எழுதினாள். செவ்வாய்க்கிழமை மட்டும் காலியாக இருந்தது. அன்று கல்யாணி அணைக்கு விடியற்காலையிலேயே கொண்டுபோய் விட்டார். ஒரு தடங்கலும் இல்லை.

ஏன் இல்லை? அதற்கும் பதில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை சுதீர் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தான். போனில் அவனே படம் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டது தங்கம் பூசினாற்போல் சந்திரகிரி மதில். திங்கள் போட்டது கைலாசகோனை. முனிரத்தினம் அவன் ஆள்தான்.

போதாததற்கு, நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் முனிரத்தினம் தள்ளிப் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு போனில் பேசுவார். புதன்கிழமை ஒரு துண்டு அவள் காதில் விழுந்தது.

"ஆமா, நிறுத்தி வெச்சிக்கினு கீறேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது ஆழம் பார்த்தாள். "நாளைக்கு நகரி மூக்கு. மலைக்கு முன்னாடி ஆறேகாலுக்கு ரயில் போகும். சுதீரும் வருவானாண்ணா?"

"எந்த சுதீரு?" முனிரத்தினம் இட்லியிலிருந்து தலை தூக்கவில்லை.

நல்லா நடிக்கிற மனுசன் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை இருட்டோடு கிளம்பினார்கள். வழியெல்லாம் அவள் கண் ரோட்டில் இல்லை, அவர் கையில் இருந்தது. நகரி நெருங்கி, வானத்தைப் பார்த்துப் படுத்த ஆளின் மூக்குப் போல மலை தெரிய ஆரம்பித்தது. ரயில் தெரியும் ஏரிக்கரைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். மணி ஆறடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் கார் ஓரங்கட்டி நின்றது.

"பஞ்சர் மாரி கீதும்மா."

சங்கரி இறங்கி நான்கு டயரையும் உதைத்தாள். நான்கும் கல்லு மாதிரி இருந்தன. நிமிர்ந்தபோது அவர் புளியமரத்தடியில் போனோடு நின்றார்.

"ஆறாவப் போவுது, நிறுத்திட்டேன்..."

ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினாள். "சுதீர், வெக்கமா இல்ல உனக்கு?"

"எவண்டி அவன் சுதீரு?" என்றது அம்மாவின் குரல்.

"அம்மா? வண்டிய நீதான் நிறுத்தச் சொன்னியா?"

"இன்னிக்கி ஏழரை வரிக்கும் எமகண்டம். ஞாயித்துக்கெழமை நாலரைக்கு ராகு. திங்கக்கெழமை ஏழரைக்கு. நேத்து எமகண்டம். எங்கிட்ட கேலண்டர் கீது, நீ சொன்னா கேப்பியா? முன்னாடி சித்தூரு ஸ்டூடியோல வேலைக்கு வெள்ளிக்கெழமை பத்தே முக்காலுக்குப் போயி சேந்த. மூணு மாசத்துல கடையையே மூடிட்டான். அதான் ரத்தினத்துக்கிட்ட சொன்னேன்."

"அம்மா, வெளிச்சம் அந்த நேரத்துலதாம்மா வரும்!"

"வரட்டும், அதுக்கின்னா. நீ அப்புறம் போ."

சங்கரி பேச்சைத் துண்டித்துப் போனை அவரிடம் நீட்டினாள். நான்கு நாளும் நோட்டில் ஓடிய கோடுகள் அப்படியே அம்மாவின் காலண்டர் தாள்களாகி நின்றன. செவ்வாய் விடியலில் கெட்ட நேரம் இல்லை, அவ்வளவுதான். சுதீருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனைத் தடுக்க வீட்டில் ஆளில்லை.

"எடுங்கண்ணா வண்டியை."

"என் பொண்ணு கீர்த்தி தலை மேல கை வெச்சி உங்கம்மா சத்தியம் வாங்கிக்கினாங்கம்மா. வண்டி நகராது." அவர் டிக்கியைத் திறந்து கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "வண்டின்னுதான் சொன்னாங்க. நடக்கக் கூடாதுன்னு சொல்லல."

இருவரும் ஓடினார்கள். முள்ளில் அவள் துப்பட்டா கிழிந்தது. கரையேறும்போதே ரயில் சத்தம் கேட்டது. ஸ்டாண்டை ஊன்ற நேரமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கையிலேயே பிடித்து எடுத்தாள். என்ஜின் தாண்டிவிட்டிருந்தது. கடைசி ஐந்து பெட்டி, அதன் மேல் சிவப்பாக விடிந்த மூக்கு, ஏரியில் பாதி நிழல். எட்டுப் படத்தில் ஒன்று கூர்மையாக விழுந்திருந்தது. அனுப்பலாம். வேலை கிடைக்குமா என்பது பெங்களூர்க்காரர்கள் பாடு.

முனிரத்தினத்தின் போன் அடித்தது. "அம்மாதான். எடுத்தாச்சான்னு கேப்பாங்க. இன்னா சொல்றது?"

"இன்னும் எடுக்கல, ஏழரைக்கு மேலதான் எடுப்பேன்னு சொல்லுங்க."

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"எங்கிட்ட நாலு நாளா எத்தினி சொன்னீங்க? அம்மாவுக்கு ஒண்ணு சொல்லுங்க."

அவர் பேச ஆரம்பித்தார். இந்தத் தடவை தள்ளிப் போகவிடாமல், சங்கரி பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.