யாரும் உட்காராத ஸ்டூல்

கனிஷ்காவுக்குக் காய்ச்சல் என்பது எங்கள் ஜவுளிக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமையே தெரியும். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. சுடிதார் செக்ஷனில் துணி மடித்துக் கொடுக்கும்போது அவள் கை என் மேல் பட்டது. கொதித்தது. வீட்டுக்குப் போடி என்றேன். சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா என்று கெஞ்சினாள். நானும் சொல்லவில்லை.

சார் என்றால் பிரஹலாத். ஸ்ரீரங்கத்துக்காரர், முப்பத்திரண்டு வயது, நெற்றியில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. எங்கள் இரண்டாவது மாடிக்கு மேனேஜராக வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் வாயைத் திறந்தால் வசவு. உட்காருவதற்கென்று வாங்கிய ஸ்டூல்களைக் குடோனில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள் போய், ஒருத்தி வாசலில் காவல் நிற்க, மற்றவள் தரையில் காலை நீட்டிக்கொள்வோம். புதிதாக வரும் பெண்களுக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

பிரஹலாத் வந்த முதல் நாளே குடோன் பூட்டைத் திறந்தார். ஸ்டூல்களைத் தன் கையாலேயே துடைத்து, கவுண்டருக்கு ஒன்றாகப் போட்டார். கால் வலித்தால் உட்காருங்கள், அதற்குச் சட்டமே இருக்கிறது என்றார். அன்றிலிருந்து எங்களில் ஒருத்திகூட உட்காரவில்லை. திட்டுகிறவனை ஏமாற்றலாம். நம்மை மனுஷியாக மதிக்கிறவர் முன்னால் எப்படி உட்காருவது? அந்த அறைக்குள் ஒளிவதும் அத்தோடு நின்றது.

எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது, ஐம்பது வயதில். பத்தொன்பது வருஷம் நின்று நின்று என் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ஒரு நாள் மாடிப்படியில் நான் தத்தி ஏறுவதைப் பார்த்துவிட்டு, முழங்காலுக்கு என்னக்கா வைத்தியம் பண்றீங்க என்று கேட்டார். தில்லை நகரில் ஒரு டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் கேட்டதில்லை இதை. அந்த டாக்டரிடம் நான் போகவே இல்லை. ஆனால் அன்று முழுவதும் எனக்கு முழங்கால் வலிக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தினமும் காலை ஒன்பதரைக்கு, கடை திறக்கும் முன், எங்களை இரண்டு வரிசையாக நிறுத்துவார். "எப்படி இருக்கீங்க?" என்று சிரித்தபடி கேட்பார். "சூப்பரா இருக்கோம் சார்" என்று நாற்பது பேரும் கத்துவோம். பிறகு முந்தின நாள் நன்றாக வேலை செய்த ஒருத்தியின் பெயரைச் சொல்லி முன்னால் அழைப்பார். அவள் செய்த ஒரு காரியத்தை அப்படியே விவரிப்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எல்லோரும் கைதட்டுவோம். அந்தக் கைதட்டலுக்காக ஜீயபுரம், லால்குடி என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வருகிற பெண்கள் ஒரு நாள் லீவு போடாமல் வந்தார்கள். விற்பனை ஏறியது. முதலாளி அவரை வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிட்டுப் பாராட்டினார்.

கனிஷ்கா லால்குடிக்காரி. பத்தொன்பது வயது. அவள் பெயரை மட்டும் சார் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இந்தத் தீபாவளிக்குள் சொல்லிடுவாருக்கா என்று தினமும் என்னிடம் சொல்வாள். காய்ச்சலோடு அவள் நின்றதற்கு வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

நான் என்ன செய்தேன்? என் பையில் எப்போதும் இருக்கும் காய்ச்சல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளியும் சனியும் கொடுத்தேன். சாரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். அன்று கடையில் நிற்க இடமில்லை. வயிறு வலிக்கிறது என்றாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிடாததுதான் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு கல்யாண வீட்டாருக்கு மூன்று மணி நேரம் சலிக்காமல் துணி எடுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை சார் அவள் பெயரைச் சொன்னார். அந்தக் கல்யாண வீட்டுப் பாட்டிக்கு அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததைச் சொன்னார். கனிஷ்கா முன்னால் போய் நின்றாள். உதடு வெளுத்திருந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன்.

பதினோரு மணிக்கு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். பார்த்ததுமே கையிலிருந்த துணியைப் போட்டேன். நான் ஓடிப்போவதற்குள் சரிந்துவிட்டாள்.

சார்தான் தூக்கி ஆட்டோவில் வைத்தார். நானும் கூடப் போனேன். டெங்கு என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தே ஆரம்பிக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்திருந்தால்கூடப் பார்த்திருக்கலாம் என்றார். எத்தனை நாளாகக் காய்ச்சல், யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

உள்ளே போய் சார் அவள் பக்கத்தில் குனிந்து, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார், பாவம்.

"சூப்பரா இருக்கேன் சார்" என்றாள். குரலே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இறந்துபோனாள். அவள் அப்பா காத்தமுத்து திங்கட்கிழமை நடவு வயலிலிருந்து அப்படியே வந்தவர். காலில் காய்ந்த சேற்றோடு வராந்தாவிலேயே கிடந்தார். சார் அவர் முன்னால் போய் நிற்க முடியாமல் நின்றார். அவரோ சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலைக்குப் போறதுன்னா எம்புள்ளைக்கு அவ்வளவு சந்தோசங்க. எல்லாம் உங்களாலதான்" என்று சொல்லி அழுதார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

பதினோரு நாள் கழித்துத்தான் சார் மறுபடி எங்களை வரிசையில் நிறுத்தினார். இளைத்துப்போயிருந்தார். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தயவுசெய்து சொல்லுங்கள், சம்பளத்தோடு லீவு வாங்கித் தருகிறேன் என்றார். ஒரு கைகூட உயரவில்லை. வாடிய அந்த முகத்தை மறுபடி சிரிக்க வைக்க வேண்டும், எல்லோருக்கும் அந்த ஒரே ஆசைதான். சொல்லிவைத்ததுபோல நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர், "சூப்பரா இருக்கோம் சார்" என்று கத்தினார்கள்.

என் பக்கத்தில் நின்ற பவித்ராவின் தோள் என் மேல் உரசியது. அதே சூடு. நான் அவள் கையைப் பிடித்து மேலே தூக்கினேன்.

"இவளுக்குக் காய்ச்சல் சார்."

பவித்ரா அழுதுகொண்டே டாக்டரிடம் போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வெறுப்பு. சார் எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "ரோசம்மாக்கா மாதிரி ஒருத்தர் அன்னைக்கே சொல்லியிருந்தா, கனிஷ்கா இன்னிக்கு நம்மகூட இருந்திருப்பா" என்றார். என்னை முன்னால் அழைத்தார்.

போய் நின்றேன். மாத்திரை கொடுத்தவள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். சார் சிரித்தார், பதினோரு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவு ஒன்பது மணி வரை நின்றுகொண்டேதான் இருந்தேன். முழங்கால் வலிக்கவே இல்லை.