நாலு விரல் தடம்

ஊரில் எல்லாரும் அந்த முதியோர் இல்லத்தைப் பற்றி ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நல்ல இடம்தான், வெர்னா, உன் புருஷன் லைல் கொடுத்து வைத்தவன் என்று. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

என் மகன் கர்ட்டிஸ், அப்பாவை அங்கே சேர்த்த அன்றே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். "ஒரே ஒரு குறை காட்டும்மா. மறுநாளே அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்." பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனுஷனை நான் ஒருத்தியாகத் தூக்கி இறக்க முடியாது என்பது அவன் கட்சி. முடியும் என்பது என் கட்சி.

ஆகவே தினமும் குறை தேடப் போனேன். வாசலிலேயே மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். மூத்திர நாற்றம் இல்லை, காபி வாசனைதான் வந்தது. படுக்கை விரிப்பைப் புரட்டினேன். தண்ணீர்க் குவளை அவன் நல்ல கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். ஒருநாள் காரணமே இல்லாமல் அழைப்பு மணியை அழுத்திவிட்டு, எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கோபப்படக்கூட நேரம் கொடுக்காமல் வந்து நின்றாள் மிஸ்டி.

மிஸ்டிதான் லைலைப் பகலில் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண். முப்பது வயது இருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். என் கிழவன் தன் மீசையை என்னைத் தொடவிட்டதே இல்லை, அதை அவள் கத்தரித்துவிட்டிருந்தாள். என் சமையலில் பூசணிக்காயைக் கண்டால் தட்டைத் தள்ளுகிறவன், அவள் கரண்டியை நீட்டினால் சமர்த்தாக வாயைத் திறந்தான். "என்ன லைல், இன்னைக்கு யார் மனசைக் கெடுக்கலாம்னு இருக்கீங்க?" என்பாள். கோணிய வாயோடு ஒரு சிரிப்புச் சிரிப்பான் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் கடைசியாகப் பார்த்தது எங்கள் புது டிராக்டர் வந்த அன்று.

பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது?

செவ்வாய்க்கிழமை நான் போனபோது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற வேண்டும் என்றான் லைல். இடுப்பில் பெல்ட் கட்டி, அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அதுவும் பணியாளர்கள்தான் செய்ய வேண்டும். அங்கே அப்படி ஒரு சட்டம்.

"வா, நான் தூக்கறேன்," என்றேன்.

"மிஸ்டி வரட்டும்."

"ஏன், என் கையில முள்ளா இருக்கு?"

"அவளுக்குப் பழக்கம், வெர்னா."

பழக்கமாம். பனியில் பிறந்த கன்றுக்குட்டிகளைத் தூக்கிவந்த கை இது. அவன் புஜத்தைக் கெட்டியாகப் பிடித்து, ஒரே இழுப்பில் நாற்காலியில் உட்கார வைத்தேன். முனகினான். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் போனால் கட்டிடமே விறைத்துப் போயிருந்தது. அயோவா மாநில அரசிலிருந்து ஆய்வாளர் அம்மா ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்தார். லைலின் அறையில் நிர்வாகி டார்லா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஆய்வாளர் லைலின் சட்டைக் கையை மேலே சுருட்டியிருந்தார். புஜத்தில் நாலு விரல் தடம், கத்தரிக்காய் நிறத்தில்.

"இவரை யார் பாத்துக்கறாங்க?"

"நான்தான்," என்றாள் மிஸ்டி. "நேத்து கிளம்பறதுக்கு முன்னாடி சிவந்திருந்துச்சு. பார்த்ததுமே நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். எப்படி வந்துச்சுன்னு தெரியலைங்க."

"விசாரணை முடியற வரைக்கும் நீ வீட்டுக்குப் போகணும் மிஸ்டி," என்றாள் டார்லா. "விதி அப்படி."

மிஸ்டி சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. இத்தனை நாள் தேடிய குறை என் கண்ணெதிரே இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கர்ட்டிஸ் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆய்வாளர் லைல் பக்கம் குனிந்தார். "யாராவது உங்களை முரட்டுத்தனமா பிடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க."

லைல் மிஸ்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "யாருமில்ல. நானே இடிச்சுக்கிட்டேன். கதவுல."

கதவிலாம்! கதவுக்கு எப்போது விரல் முளைத்தது? தேவாலய விருந்தில், நான் செய்த கேக் கருகிவிட்டது என்று அத்தனை பேர் முன்னால் உண்மை பேசிய மகான் இவன். எனக்காக ஒரு பொய் சொன்னதில்லை. அவளுக்காகச் சொல்கிறான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"கதவும் இல்ல, அவளும் இல்ல!" என்று கத்தினேன். "நான்தான்! இது என் கை. பாருங்க!" போய் அவன் புஜத்தில் விரல்களை வைத்துக் காட்டினேன். நாலும் கச்சிதமாகப் பொருந்தின. "பெல்ட் கட்டாம நான்தான் தூக்கினேன். என் புருஷனை நான் தூக்கக் கூடாதா?"

"கூடாது," என்றார் ஆய்வாளர்.

மிஸ்டி அட்டையைத் திரும்பக் குத்திக்கொண்டாள். அன்று அந்த இல்லத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே குறை நான்தான். இனிமேல் மிஸ்டி பக்கத்தில் நின்றால் மட்டுமே நான் லைலைத் தொடலாம் என்று டார்லா தீர்ப்புச் சொன்னாள். அதற்கு என்னை வாசலோடு நிறுத்தியிருக்கலாம்.

மற்றவர்கள் வெளியே போனார்கள். மிஸ்டி மட்டும் சன்னல் பக்கம் திரும்பி, மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்காகப் பொய்யெல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டே, இல்ல?" என்றேன்.

"கூறுகெட்டவளே," என்றான் லைல். வார்த்தைகளைச் சேர்க்க அவனுக்கு நேரம் பிடித்தது. "உனக்காகச் சொன்னேன்டி. உன்னை உள்ள விடமாட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

அவனை நோக்கிப் போன என் கை பாதி வழியில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினேன்.

"மிஸ்டி, கொஞ்சம் இங்க வந்து நில்லு," என்றேன். "நான் அவன் கையைப் பிடிச்சுக்கணும்."