வண்டி குடித்த தண்ணீர்

பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னிருக்கையில் இருந்த சென்னைக்காரர்கள் பெட்டிகளோடு இறங்கி, மூச்சிரைக்கக் காட்டேஜ் வரை நடந்தார்கள். கோகிலவாணி பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இப்படி ஆகும் என்று ஊர்த் திருவிழாவுக்கு, நோம்பிக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். காரணமும் தெரியும். காரணத்துக்கு முத்தன் என்று பெயர்.

வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே இருக்கும் அந்த விடுதியில், வருகிறவர்களின் கார்கள் கேட்டோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து அறைகளுக்குப் பேட்டரி கார்தான். இரண்டு வண்டிகள். ஓட்டுவது, கழுவுவது, பொழுது சாய்ந்தால் ஷெட்டில் விட்டு சார்ஜ் போடுவது எல்லாம் கோகிலவாணியின் வேலை. வாரம் ஒரு முறை, சார்ஜ் ஏறி முடிந்ததும் இருக்கையைத் தூக்கி, பேட்டரிகளின் மூடிகளைத் திறந்து, உள்ளே தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவாள். முள்ளுக்குறிச்சியில் தனியாகக் கிடப்பதைவிட ஷெட்டை ஒட்டிய அறை மேல் என்று மலையேறி வந்தவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கோகுல் திருப்பூரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், "சாப்டியாம்மா" என்பான், சாப்பிட்டேன் என்பாள், வைத்துவிடுவான். வார நாட்களில் விடுதிக்கு ஈ காக்கை வராது. சார்ஜர் உறுமி ஓய்ந்துவிட்டால் தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும்தான். பேச்சுத் துணைக்குப் பேட்டரியோடா பேசுவது? அதையும் பேசிப் பார்த்திருக்கிறாள்.

முத்தன் ஆடிச் சாரலில்தான் முதலில் வந்தார். விடுதிக்கு மேலே மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டிருக்கும் மலைக்காரர். மனைவி இல்லை. பிள்ளைகள் கேரளத்து எஸ்டேட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊற்றிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனவர், இவள் புனலும் கையுமாக நிற்பதைப் பார்த்து வாசலில் நின்றுவிட்டார்.

"ஏனம்மிணி, வண்டி தண்ணி குடிக்குமா?"

"குடிக்குமுங்க. ஆனா சும்மா தண்ணி ஆகாது. சுத்தமா இருக்கோணும்."

"எங்க ஊத்துத் தண்ணியவிடச் சுத்தமா? மூலிகை வேரெல்லாம் நனைச்சுட்டு வாரது. சீக்குக்காரனே எந்திரிச்சு ஒக்காருவான்."

மறுநாள் ஒரு கேன் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு, சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார். எந்த மூலிகையை நனைத்துக்கொண்டு வந்தாலும் அது பேட்டரிக்கு ஆகாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். முழங்கால் வரை சேறு, நனைந்த தலை, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "வெச்சுட்டுப் போங்க, ஊத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். கோகிலவாணிக்குக் கிழங்கும் மலைவாழைப்பழமும் கிடைத்தன. முத்தன் பொழுது சாய வருவார். நிறைந்த கேனைச் சுவரோரம் வைத்துவிட்டு, முந்தைய நாளின் காலிக் கேனை எடுத்துக்கொள்வார். அவரிடம் இருந்ததே அந்த இரண்டு கேன்கள்தான்.

"நேத்து குடிச்சுதா?"

"குடிச்சுதுங்க."

எந்தப் பேட்டரியும் நாளுக்கொரு கேன் குடிக்காது என்று அவருக்கு யார் சொல்வது? அந்தத் தண்ணீரில் அவள் சோறாக்கினாள், டீ போட்டாள், ஒரு டம்ளர் அவருக்கும் கொடுத்தாள். அவர் மிளகுக்கொடியைப் பற்றியும் கிழங்கைப் பிடுங்கிப் போடும் பன்றிகளைப் பற்றியும் பேசுவார். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஆள் தன் முகம் பார்த்துப் பேசுவதற்காக நாள் முழுக்கக் காத்திருக்கிறோம் என்பது தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே மத்தியானத்திலேயே தலை வாரிக்கொண்டாள்.

ஐப்பசியில் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு இறங்கினாள். திரும்பி வந்தபோது முத்தன் ஷெட் வாசலில் நின்றிருந்தார்.

"நீ இல்லீன்னு அதுகளப் பட்டினி போட முடியுமா? நானே மூடியத் தொறந்து வகுறு நெறயக் குடுத்துட்டேன்."

விளிம்பு வரை ஊற்றியிருந்தார். அவள் இல்லாத நாட்களில் வண்டிகளைப் பார்த்துக்கொண்ட விடுதி வாட்ச்மேன் அதைப் பார்க்காமல் சார்ஜ் போட, அமிலம் பொங்கி வழிந்து அடித்தட்டெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நல்லதுங்க" என்றாள். அவர் போன பிறகு சோடா மாவு கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவினாள்.

வண்டி நின்ற மறுநாள் ராசிபுரத்திலிருந்து மெக்கானிக் பிரேம் வந்தான். கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதவை எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்தான். அது எழும்பவே இல்லை; அமிலம் அவ்வளவு நீர்த்துப் போயிருந்தது.

"அக்கா, யாரோ பச்சத் தண்ணி ஊத்தியிருக்காங்க. யாருக்கா?"

பெயரைச் சொன்னால் நாளை முதல் முத்தனை வாட்ச்மேன் வேலியோரமே நிறுத்திவிடுவான். முத்தனின் காலிக் கேன் சுவரோரம் இருந்தது. கோகிலவாணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நாந்தான் ஊத்துனேன்."

பிரேம் அவளை நிமிர்ந்து பார்த்தான். இந்த வேலையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அவன் நம்பவில்லை. ஆனாலும் சிரித்தான்.

"சரி உடுங்க. வயசான பேட்டரி, எப்படியும் போயிருக்கும். ஓனரு லித்தியம் போடச் சொல்லிட்டாரு. அதுல மூடியும் கெடையாது, தண்ணியும் கெடையாது. ப்ளக்கச் சொருகுனா முடிஞ்சுது. இனி உங்களுக்கு நிம்மதி."

நிம்மதி! வேலை போகவில்லை, திட்டு விழவில்லை, தண்ணீர் மட்டும் வேண்டாம். தண்ணீர் வேண்டாமென்றால் அவர் எதற்கு வருவார்? இன்னொரு பொய் சொல்லலாம்தான். ஆனால் மூடியே இல்லாத பேட்டரி தண்ணீர் குடிக்கிறது என்று சொல்ல, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். சொன்னாலும், இவள் இல்லாத நாளில் அவர் புதுப் பேட்டரியின் தலையிலும் ஒரு கேனைக் கவிழ்த்துவிடுவார்.

அன்று சாயங்காலம் பனி இறங்கியிருந்தது. முத்தன் தோளில் கேனோடு வந்தார். தரையில் வரிசையாக எடுத்து வைத்திருந்த பேட்டரிகளைக் குனிந்து பார்த்தார்.

"இதுகள ஏன் வெளிய எடுத்துட்டாங்க?"

"செத்துப் போச்சுங்க."

"தண்ணி பத்தலையா?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"ஏனுங்க, அதுகளுக்கு இந்தத் தண்ணி ஆகாதுங்க. ஒரு நா கூட நான் ஊத்துனதில்ல. நோம்பியப்ப நீங்க ஊத்துனதுலதான் கெட்டுப் போச்சு. நான் ஊத்துனேன்னு சொல்லிட்டேன், உங்கள ஆரும் கேக்க மாட்டாங்க. புதுசா வாரது தண்ணியே குடிக்காதுங்க."

முத்தன் கேனை இறக்கவில்லை.

"அப்ப நான் நெதம் கொண்டாந்தது?"

"நாந்தாங்க குடிச்சேன்." அவள் கேனைப் பார்த்தே சொன்னாள். "வேண்டாம்னு சொன்னா நீங்க வர மாட்டீங்கன்னு..."

அவர் பேட்டரிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு சேறு அப்பிய தன் கால்களைப் பார்த்தார். கோபமா கூச்சமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேனைச் சுவரோரம் வைத்துவிட்டு, டீ போடவா என்று இவள் கேட்பதற்குள் திரும்பிச் சரிவில் ஏறிவிட்டார். தலைத்துண்டின் வெள்ளை பனிக்குள் மறையும் வரை கோகிலவாணி நின்றாள்.

உள்ளே போகத் திரும்பியபோதுதான் பார்த்தாள். நிறைந்த கேனின் பக்கத்தில் காலிக் கேனும் அப்படியே இருந்தது. மறந்துவிட்டாரா, இனி எதற்கு என்று விட்டுவிட்டாரா? எதுவானாலும் விடிந்தால் தண்ணீர் பிடிக்க அவரிடம் கேன் இல்லை. அவள் காலிக் கேனை நன்றாகக் கழுவி, கவிழ்த்து நீரை வடித்து, அறைக்குள் கொண்டு போனாள். பிறகு அதை வெளியே எடுத்து வந்து, சரிவிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் முதலில் படும்படி வாசல் நடுவில் வைத்தாள்.