வினோலியாவின் வரி

ஆனைக்குட்டம் விலக்கில் வண்டியை நிறுத்தும்போது கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று தினமும் நினைப்பேன். தினமும் பார்ப்பேன். பதினாறு நாளாக வினோலியா அங்கிருந்துதான் ஏறுகிறாள். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற என் வேனில் அவளுக்கு எப்போதும் கடைசி சீட். மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு, என்னை முன்னே பின்னே பார்த்திராத மாதிரி ஜன்னலையே பார்த்து வருவாள். புருசன் தவறிப்போய் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள், பேக்கிங்கில் சேர்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் பாண்டிமீனா சொல்லித்தான் தெரியும். பாண்டிமீனா என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பூராவும் பேசுகிறவள். எங்கள் ரெண்டு பேர் கதை மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஒன்பது வருசம் ஒரே மேடையில் பாடினோம். சாத்தூர் நாகையா அண்ணாச்சியின் மெல்லிசைக் குழு. பங்குனி, சித்திரை வந்தால் அம்மன் கோயில் பொங்கல் சாட்டின ஊரெல்லாம் எங்கள் டெம்போ போய் நிற்கும். எல்லாம் சினிமாப் பாட்டுதான், யாரோ பாடி வைத்ததுதான். ஆனால் ஒரு படகுப் பாட்டு உண்டு. அதை நானும் வினோவும் பாடினால் வேர்க்கடலை விற்கிறவன்கூட விற்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான். நான் ஒரு வரி, அவள் ஒரு வரி. என் வரி முடியும் முன்னே அவள் மூச்சு இழுக்கிற சத்தம் மைக்கில் லேசாகக் கேட்கும். எனக்கு அது போதும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் வரியின் கடைசியை இழுத்துப் பாடுவேன்.

அவள் பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது, "அவ வர்றவரைக்கும் நீயே சமாளிலே" என்றார் அண்ணாச்சி. சமாளித்தேன். பெண் குரல் எனக்கு அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. ரெண்டு வரியையும் நானே பாட, ஜனம் விசிலடித்துத் தீர்த்தது. பாழாய்ப்போன விசில். நாலு மாசம் கழித்து வினோ போன் பண்ணி, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னலே சாமு, வரச் சொல்லவா?"

"அவ எதுக்கு அண்ணாச்சி? அதான் நான் பாடுறேன்ல."

போன் கட்டாகவில்லை. அந்தப் பக்கம் பிள்ளை அழுதது எங்களுக்கே கேட்டது. பிறகு அவளே வைத்துவிட்டாள்.

அது ஆகிறது பன்னிரண்டு வருசம். ரெண்டு குரலுக்கு ஒரு ஆள் போதும் என்று நான்தான் காட்டினேன். கொஞ்ச வருசத்தில் ஆளே வேண்டாம், ரெக்கார்டு பண்ணின டிராக் போதும் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பொம்பளைக் குரலில் பாடுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் நானும் டிவியும்தான். ஒரு வார்த்தை அவள் என்னைத் திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருக்கிறது.

இன்றைக்குக் காலையில் பாண்டிமீனா விடவில்லை. "அண்ணே, பொம்பளைக் கொரல்ல ஒண்ணு எடுத்து விடுங்க. எம்புட்டு நாளாச்சு."

படகுப் பாட்டை எடுத்தேன். என் வரியை மட்டும் பாடினேன். அவள் வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கில் தாளம் தட்டினேன். எட்டு எண்ணிக்கை. அந்த மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பவும் என் வரி, திரும்பவும் எட்டு எண்ணிக்கை. கண்ணாடியில் அவள் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, பாதிப் பாட்டு மறந்துபோச்சா?" என்று பாண்டிமீனா சிரித்தாள்.

கம்பெனி கேட்டில் எல்லாரும் செல்போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாக இறங்கின வினோவை நான்தான் நிறுத்தினேன்.

"வினோ, அது உனக்காக விட்ட இடம்." மன்னிச்சுரு என்றுதான் சொல்ல நினைத்தேன். இதுதான் வந்தது.

"எனக்கு எதுக்கு? அதான் நீங்க பாடுவீகள்ல" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பகல் பூராவும் வண்டி நிழலில் கிடந்தேன்.

சாயங்காலம் திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. என்ஜினை அணைத்தேன். வேலைக் களைப்பில் யாரும் பேசவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம், மூச்சு இழுக்கிற சத்தம். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

படகுப் பாட்டு. ஆனால் அவள் எடுத்தது என் வரி. குரலைத் தணித்து, வரியின் கடைசியை நான் இழுக்கிற மாதிரியே இழுத்துப் பாடினாள். சரி, அவள் வரியை எனக்கு விடுகிறாள் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. தன் வரியையும் அவளே எடுத்துக்கொண்டாள். அடுத்து என்னுடையது, அடுத்து அவளுடையது. நடுவில் ஒரு தட்டுக்குக்கூட இடம் இல்லை. ரயில் வந்தது, போனது, அவள் நிறுத்தவில்லை. நான் என்றைக்கும் பாடாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது பாட்டு.

முடிந்ததும் பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். பாண்டிமீனா என் தோளைத் தட்டினாள். "ரெண்டு கொரலும் இவுகளுக்கே வருதுண்ணே. இனி நீங்க எதுக்கு?"

கேட் தூக்கிவிட்டார்கள். பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. திறந்த வாயை மூடாமல், சாவியில் கையை வைத்தபடி, நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வினோலியா டிபன் பையைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.