இடப்பக்கம் இழுக்கும் கார்

சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்த கடையில் கொடுத்த காகிதத்தில் எல்லா எண்களும் சரி என்று பச்சையாக இருந்தன. கார் மட்டும் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. ஸ்டியரிங்கில் பிடி தளர்ந்தால் இடப்பக்கமாகவே போனது.

"மெஷின் பொய் சொல்லாதுங்க சார். ரோடு சரிவா இருக்குமுங்க," என்றார் கடைக்காரர்.

நாமக்கல்லில் சமமாக ஒரு ரோடுகூட இல்லை என்பது தீனதயாளனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பெரியம்மா வசந்தாமணியிடம் வேறு விளக்கம் இருந்தது. தீனதயாளனின் மனைவி அபிநயா காய்ச்சலில் போய் எட்டு மாதம். காரில் அவள் உட்கார்ந்தது அவனுக்கு இடப்பக்கம்.

"அவ உக்காந்த பக்கந்தான் இழுக்குது சாமி. வித்துப்போட்டு ஆகுற வேலையப் பாரு."

ஆகிற வேலை என்பது இரண்டாம் கல்யாணத்துக்குப் பரமத்திப் பக்கத்துப் பெண். செத்தவள் நிறம் பார்த்து வாங்கிய காரில் புதுப்பெண் ஏறமாட்டாளாம். அதனால் பெண்ணைப் பார்க்கும் முன்பே காருக்கு ஆள் பார்த்துவிட்டார்கள். ஆத்தூர் தனபால், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

தீனதயாளன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் காரணம் கேட்பார்கள். காரை விட மனமில்லை என்பதெல்லாம் அந்த வீட்டில் காரணமாகாது.

சனிக்கிழமை டயர்களில் காற்றைப் பார்த்தான். இரண்டு பக்கமும் முப்பத்து மூன்று. பத்து கிலோமீட்டர் ஓட்டி முன் சக்கரங்களைத் தொட்டான். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்று கொதிக்கும். இரண்டும் ஒரே சூடு. தரை மட்டமான கல்லூரி மைதானத்தில் ஓட்டினான். அங்கும் இடப்பக்கம்தான்.

மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று டயர். இன்னொன்று அபிநயா.

ஜாக்கி வைத்து, முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டினான். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறும். மாறாவிட்டால் என்ன என்பதை அவன் யோசிக்கவில்லை.

கார் வலப்பக்கம் போனது.

என்ஜினை அணைத்துவிட்டு இடப்பக்கம் பார்த்தான். பக்கத்து இருக்கை வெறும் இருக்கையாக இருந்தது.

முதலில் இடப்பக்கம் இருந்த டயர் ரீட்ரெட். தேய்ந்த டயரின் மேல் புதுப்பட்டை ஒட்டியது. லாரிக்காரர்களே அதைப் பின்னால்தான் போடுவார்கள். முப்பது வருட லாரிக்காரரான பெரியப்பா அர்த்தநாரி, பஞ்சரான அன்று அதைக் காருக்கு முன்னால் மாட்டிவிட்டிருந்தார்.

"ஏன் பெரியப்பா, இதப் போயி முன்னால போட்டீங்க?"

"நம்ம லாரிக்கு ஒட்டுற ஆளுதான்டா ஒட்டிக் குடுத்தான். பதினாறு டன்னுக்கே அசையாது. உன்ற பொம்ம வண்டிக்கு என்ன கேடு?"

"இழுக்குதுங்களே."

"அதுக்குத்தான் உன்ற பெரியம்மா காரணம் சொல்லிப்போட்டாளே!"

தீனதயாளன் போய் அந்த டயரை மறுபடி இடப்பக்கமே மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை தனபால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். "என்னா சார், லெஃப்ட்ல இழுக்குது?"

"அலைன்மென்ட் பாத்தாச்சுங்க. எல்லாம் பச்சைதான்," என்று தீனதயாளன் காகிதத்தை நீட்டினான்.

"அப்புறம் எதுக்கு இழுக்குது?"

தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருந்து பெரியம்மாவுக்குப் பழக்கமில்லை. டீத் தம்ளரோடு வந்தவர், "அது எங்க மருமவ உக்காந்த பக்கமுங்க. செத்து எட்டு மாசமாச்சு," என்றார்.

தனபால் டீயைத் தொடாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்று பெரியப்பா கத்தினார்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? நீயே சொல்லு சாமி."

"நீங்க சொன்னது சரிதாங்க பெரியம்மா," என்றான் தீனதயாளன். எட்டு மாதத்தில் அவன் உறுதியாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

மறுநாள் புது டயர் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டான். இன்னும் யாராவது காரைப் பார்க்க வரலாம்; மாட்ட அவசரமில்லை.